அடுத்தவர் போட்ட கோட்டு: சாரிட்டி ஷாப்பில் துணி வாங்கப் பழகுவது எப்படி?

செப்டம்பரில் இங்கிலாந்தின் லீட்ஸ் ரயில் நிலையத்தில் நம்மூர்ப் பிள்ளைகள் வந்து இறங்குவதைப் பார்க்கலாம். ஆளுக்கு இரண்டு பெட்டி, அதில் பாதி பருப்புப்பொடியும் புளியும் குக்கரும், அப்புறம் குளிருக்கென்று ஊரில் வாங்கிய, உள்ளே பஞ்சு அடைத்த ஒரு ஜாக்கெட். அந்த ஜாக்கெட் அக்டோபரைத் தாண்டாது. நவம்பரில் மழையும் காற்றும் கூட்டுச் சேர்ந்து பக்கவாட்டில் அடிக்கும்போது, "அண்ணா, நல்ல கோட்டு எங்க கிடைக்கும்?" என்று போன் வரும். சாரிட்டி ஷாப்புக்குப் போ என்பேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம், "அடுத்தவங்க போட்டதா அண்ணா?"

ஆமாம், அடுத்தவர் போட்டதுதான். அதை ஏன் வாங்கலாம், எப்படிப் பார்த்து வாங்க வேண்டும், எதைக் கையில் எடுக்கவே கூடாது என்று வருடா வருடம் போனில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இங்கே எழுதி வைத்துவிட்டால் அடுத்த வருடம் இதையே அனுப்பிவிடலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். சாரிட்டி ஷாப் என்றதும் ஏதோ ஏழைகளுக்குத் துணி கொடுக்கும் இடம், நாம் போனால் வேறு யாருக்கோ போக வேண்டியதைப் பிடுங்கிக்கொள்கிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது கடை. ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் கடை. வேண்டாத துணி, புத்தகம், பீங்கான் தட்டு என்று மக்கள் சும்மா கொண்டுவந்து கொடுப்பார்கள், கடை அதை விலை போட்டு விற்கும், வாடகை, மின்சாரம், மேனேஜர் சம்பளம் எல்லாம் போக மிஞ்சும் காசு அந்த நிறுவனத்தின் வேலைக்குப் போகும். பெரிய வீட்டுக்காரரும் வாங்கலாம், வாடகை கட்டத் திணறும் மாணவனும் வாங்கலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நீங்கள் கொடுக்கும் ஐந்து பவுண்டுதான் அவர்களுக்கு வேண்டும்.

பிரிட்டனில் இப்படிப்பட்ட கடைகள் பத்தாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. இதய நோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டும் பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன், கேன்சர் ரிசர்ச் யூகே, குழந்தைகளுக்கான பர்னார்டோஸ், முதியோருக்கான ஏஜ் யூகே, வீடில்லாதவர்களுக்கான ஷெல்டர், இவை எல்லா ஊர்க் கடைத்தெருவிலும் கண்ணில் படும். கூடவே அந்தந்த ஊரின் ஹாஸ்பிஸ், அதாவது கடைசிக் காலத்தில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லம், அதன் பெயரில் ஒன்றிரண்டு சின்னக் கடைகள் இருக்கும். இந்தச் சின்னக் கடைகளை மறக்காதீர்கள், பிறகு இவற்றிடம் வருகிறேன்.

இதெல்லாம் எப்போது ஆரம்பித்தது? 1941-ல், குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில், லண்டன் ஓல்ட் பாண்ட் ஸ்ட்ரீட்டில் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கம் ஒரு கடை திறந்தது. அதே வருடம் ஜூன் மாதம்தான் துணிக்கும் ரேஷன் வந்தது, 1949 வரை நீடித்தது. அந்த மாதிரிக் கடைகளுக்கு உரிமம் கொடுத்த அரசு ஒரு நிபந்தனை வைத்தது: விற்பதெல்லாம் தானமாக வந்த பொருளாக இருக்க வேண்டும், வெளியில் வாங்கி விற்கக் கூடாது. போர் முடிந்த பிறகு, 1940-களின் கடைசியில், ஆக்ஸ்ஃபாம் தன் முதல் கடையை ஆக்ஸ்ஃபோர்டில் பிராட் ஸ்ட்ரீட் 17-ஆம் எண்ணில் திறந்தது. ஆக்ஸ்ஃபாம் தொடங்கியதே 1942-ல், போரின்போது கிரீஸ் நாட்டில் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தவர்களுக்கு உணவு அனுப்பத்தான். 1949-ல் ஜோ மிட்டி என்பவர் அந்தக் கடையைக் கவனிக்க வந்தார், எது வந்தாலும் விற்றுவிடும் ஆள் என்று பெயர் வாங்கினார். உயிரோடு ஒரு கழுதையைக்கூட விற்றிருக்கிறார் என்பார்கள்.

கழுதை கிடக்கட்டும். அந்த உரிம நிபந்தனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்று சில கடைகள் வாழ்த்து அட்டை, சாக்லேட் என்று கொஞ்சம் புதுப் பொருளும் வைக்கின்றன. ஆனால் துணியைப் பொறுத்தவரை இந்தக் கடைக்குச் சரக்கு எடுக்க யாரும் எங்கும் போவதில்லை, சரக்குதான் தானாக வந்து விழுகிறது. இது ஒன்று புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானே புரியும்.

எப்படி என்றால், சாதாரணத் துணிக்கடையில் ஒரே சட்டை ஐந்து அளவில் இருக்கும், இங்கே ஒரே ஒன்றுதான் இருக்கும், அதுவும் முன்பு யாருக்குப் பொருந்தியதோ அவர் அளவில். அதனால் "நீல நிற கோட்டு, மீடியம், இன்று சாயங்காலத்துக்குள் வேண்டும்" என்று மனதில் பட்டியலோடு போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். "கம்பளியில் ஏதாவது ஒரு கோட்டு, இந்த மாதத்துக்குள்" என்று போனால் கிடைத்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் எட்டிப் பார்ப்பது, வருடத்தில் ஒரு நாள் முழுக்க அலைவதைவிட மேல். மீன் மார்க்கெட்டுக்குப் போகிற மாதிரிதான், இன்றைக்கு என்ன வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் குழம்பை முடிவு பண்ண முடியும்.

சரக்கு தானாக வருகிறது என்பதால் எந்தத் தெருவில் கடை இருக்கிறது என்பதும் முக்கியம். மக்கள் பெரும்பாலும் தங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில்தான் பையைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். லீட்ஸில் ஹெடிங்லி மாணவர்கள் நிறைந்த பகுதி, அங்கே கடைகளில் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் பார்ட்டி உடுப்பும் குவிந்திருக்கும், ஜூன் கடைசியில் வீடு காலி செய்கிற நேரத்தில் இன்னும் அதிகம். ரயில் ஏறி அரை மணி நேரத்தில் இல்க்லியோ, இன்னும் கொஞ்சம் தள்ளி ஹாரோகேட்டோ போனால் கதையே வேறு. வசதியான, வயதானவர்கள் அதிகம் உள்ள ஊர்கள். அங்கே தொங்குவது ட்வீட் என்கிற தடித்த கம்பளிக் கோட்டு, காஷ்மீர் எனப்படும் மெல்லிய ஆட்டு ரோமத்தில் பின்னிய ஸ்வெட்டர், தோல் ஷூ. லண்டன்காரர்கள் செல்சியா, ஹாம்ஸ்டெட் மாதிரிப் பணக்காரப் பகுதிகளுக்குப் போவது இதனால்தான். ரயில் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், அதை மறந்துவிட்டு லாபம் என்று குதித்த நாட்கள் எனக்கு உண்டு.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய நிறுவனங்களின் கடைகளில் எந்த பிராண்டுக்கு என்ன விலை என்று அட்டவணை இருக்கும், உண்மையிலேயே விலை உயர்ந்தது வந்தால் தனியே எடுத்து இணையத்தில் விற்கவும் அனுப்பிவிடுவார்கள். அதனால் யூடியூபில் காட்டுகிற மாதிரி நாலு பவுண்டுக்கு டிசைனர் கோட்டு கிடைக்கும் என்று கனவு காணாதீர்கள். ஹாஸ்பிஸ் மாதிரி உள்ளூர்க் கடைகளில் பெரும்பாலும் அங்கே இருக்கும் அம்மா தன் அனுபவத்தில் ஒரு விலை போடுவார், அங்கேதான் கொஞ்சம் மலிவு. நான் பார்க்கிற கடைகளில் சட்டை நாலு முதல் ஏழு பவுண்டு, ஸ்வெட்டர் ஐந்து முதல் பத்து, நல்ல கம்பளிக் கோட்டு பன்னிரண்டில் ஆரம்பித்து முப்பது வரை. பேரம் பேசாதீர்கள். நம் கை துறுதுறுக்கும், தெரியும். பட்டன் இல்லை, தையல் விட்டிருக்கிறது என்று சொல்லிப் பார்க்கத் தோன்றும். ஆனால் கல்லாவில் நிற்பவர் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர், பலர் பணி ஓய்வு பெற்றவர்கள். புற்றுநோய் நிதிக்குப் போகும் ஒரு பவுண்டைக் குறைக்கச் சொல்லி எழுபது வயதுப் பாட்டியிடம் மல்லுக்கு நிற்பது அழகில்லை.

சரி, இப்போது கோட்டுக்கு வருவோம்.

நான் முதலில் வாங்கிய நல்ல கோட்டு இல்க்லியில், பதினான்கு பவுண்டு. கரும்பழுப்பு, முழங்கால் வரை நீளம், கையில் எடுத்தால் பச்சரிசி மூட்டை மாதிரிக் கனம். கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்துவிட்டு, தோள் சரியாக உட்கார்ந்த சந்தோஷத்தில் நேரே கல்லாவுக்குப் போனேன். அங்கே இருந்த பாட்டி அதைக் கையில் வாங்கவே இல்லை. "ஜன்னல்கிட்ட கொண்டுபோய் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தியாப்பா?" என்கிற தோரணையில் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. அவரே எழுந்து வந்து, கோட்டை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, ஜன்னலுக்கு நேரே விரித்துப் பிடித்தார். முதுகுப் பக்கம் ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை. அக்குளில் மட்டும் லைனிங் துணி நாலு விரல் நீளத்துக்குத் தையல் விட்டிருந்தது. "இது பத்து நிமிஷ வேலை, ஊசி நூல் போதும்" என்றார். பக்கவாட்டில் உள்தையலில் ஒரு சின்ன லேபிள் இருந்தது, 80 சதவீதம் வுல், 20 சதவீதம் நைலான். அதற்குக் கீழே யாரோ மாற்றுப் பட்டன் ஒன்றைத் தைத்தே வைத்திருந்தார்கள். பாக்கெட்டில் ஒரு பெப்பர்மிண்ட் மிட்டாய்த் தாள். ஏழு குளிர்காலம் ஆகிறது, இன்னும் அதைத்தான் போடுகிறேன்.

அந்தப் பாட்டி அன்றைக்குச் செய்து காட்டியதுதான் மொத்தப் பாடமும். இங்கே பிராண்டைப் பார்த்து வாங்கக் கூடாது, துணியைப் பார்த்து வாங்க வேண்டும். துணியைப் பார்ப்பது கையிலிருந்து ஆரம்பிக்கிறது. பல கடைகளில் அளவு வாரியாக அடுக்காமல் நிறம் வாரியாகத் தொங்கவிட்டிருப்பார்கள், கண்ணால் தேடினால் தலை சுற்றும். அதனால் ரேக் ஓரமாக விரலால் தடவிக்கொண்டே நடங்கள். பாலியெஸ்டர் வழுக்கிக்கொண்டு போகும், காட்டன் குளிர்ச்சியாக இருக்கும், லினன் மொடமொடவென்று, கம்பளி லேசாகச் சொரசொரத்தாலும் உடனே கதகதப்பாக. கை நிற்கும் இடத்தில் மட்டும் வெளியே எடுத்துப் பாருங்கள். எடுத்ததும் கழுத்து லேபிளைப் பார்க்காமல் பக்கத் தையலில் இருக்கும் லேபிளைத் தேடுங்கள். எந்த நூல் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். "வுல் பிளெண்ட்" என்று வெளியே பெரிதாக எழுதி உள்ளே வுல் 10 சதவீதம் என்று இருந்தால், அது பாலியெஸ்டருக்குக் கம்பளி என்று பெயர் சூட்டு விழா நடத்தியது, அவ்வளவுதான்.

கழுத்து லேபிள் வேறு ஒன்றுக்கு உதவும், வயதைக் கண்டுபிடிக்க. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் துணியில் செயின்ட் மைக்கேல் என்ற பெயர் இருந்தால் அது பழையது, 1928-லிருந்து 2000 வரைதான் அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். அதில் பல துணிகள் இங்கேயே, பிரிட்டனில் தைத்தவை, இன்றைக்கும் தையல் விடாமல் இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால், இரண்டு சி எழுத்தும் 41 என்ற எண்ணும் சேர்ந்த முத்திரை கண்ணில் படலாம், அது போர்க்கால ரேஷன் துணிக்கு அரசு போட்ட முத்திரை. நான் இன்னும் பார்த்ததில்லை. ஹாரிஸ் ட்வீட் கோட்டு என்றால் உள்ளே உருண்டையும் சிலுவையும் போட்ட லேபிள் இருக்க வேண்டும். அந்தப் பெயரை யார் போடலாம் என்று 1993-ல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள், ஸ்காட்லாந்தின் வெளித் தீவுகளில் வீட்டுத் தறியில் நெய்தால்தான் அந்தப் பெயர்.

அப்புறம் ஜன்னல் வெளிச்சம். கம்பளியில் தேட வேண்டியது அந்துப்பூச்சி ஓட்டை. குண்டூசியால் குத்தின மாதிரி இருக்கும், காலருக்கு அடியிலும் அக்குள் பக்கத்திலும் அதிகம், வியர்வையும் உணவுக் கறையும் இருக்கும் இடம்தான் அதன் புழுவுக்குப் பிடிக்கும். ஒன்றிரண்டு பழைய ஓட்டை என்றால் ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம். ஆனால் தையல் மடிப்பில் வெள்ளையாகச் சிலந்திவலை மாதிரி நூலும் மணல் மாதிரித் துகளும் இருந்தால் கோட்டை மெதுவாகத் திரும்ப மாட்டிவிட்டு வந்துவிடுங்கள். எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லாத ஆரம்பக் காலத்தில் ஒரு அழகான பச்சை ஸ்வெட்டரோடு அந்துப்பூச்சியையும் வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஊரிலிருந்து அம்மா பின்னி அனுப்பிய மப்ளரைத்தான் முதலில் தின்றது.

அதற்குப் பிறகு எந்தக் கம்பளி வாங்கினாலும் பாலிதீன் பையில் காற்று போகாமல் கட்டி, இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன். மைனஸ் 18 டிகிரியில் முட்டையும் புழுவும் செத்துவிடும். வீட்டில் கூட இருக்கும் பையன்கள் ஃப்ரீசரைத் திறந்து பரோட்டாவுக்கும் பட்டாணிக்கும் நடுவில் ஸ்வெட்டரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். பழகிவிட்டது. காட்டன் துணிக்கு இவ்வளவு சடங்கு வேண்டாம், 60 டிகிரியில் ஒருமுறை துவைத்தால் போதும், மூட்டைப்பூச்சி பயமும் அதோடு போகும். கம்பளியை மட்டும் மெஷினில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆறு பவுண்டுக்கு வாங்கிய காஷ்மீர் ஸ்வெட்டரை நான் 40 டிகிரியில் போட்டு எடுத்தேன். வெளியே வந்தது ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சரியாக இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் கையால் அலசி, பிழியாமல், துண்டில் சுருட்டி அழுத்தி, தட்டையாக விரித்துக் காயவைக்க வேண்டும்.

மற்றபடி கை போக வேண்டிய இடங்கள்: அக்குள், கால்சட்டையில் தொடை இடுக்கு, காலர் மடிப்பு, கை முனை, பாக்கெட்டின் அடித் துணி. தேய்மானம் எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஜிப்பை மூன்று தடவை ஏற்றி இறக்குங்கள். பட்டன் போனால் பரவாயில்லை, ஜிப் போனால் மாற்றும் கூலி நீங்கள் துணிக்குக் கொடுத்த விலையைத் தாண்டிவிடும். எலாஸ்டிக்கை இழுத்துக் காதருகே வையுங்கள், அப்பளம் நொறுங்குகிற மாதிரிச் சத்தம் கேட்டால் செத்துவிட்டது என்று அர்த்தம். மூக்கையும் பயன்படுத்துங்கள், கூச்சப்படாதீர்கள். அந்துருண்டை வாசமும் பீரோ வாசமும் நாலு நாள் காற்றாடப் போட்டால் போய்விடும், வியர்வை வாசம் காட்டனிலிருந்தும் கம்பளியிலிருந்தும் போகும், பாலியெஸ்டரிலிருந்து லேசில் போகாது, துவைத்த அன்று இல்லாதது மாதிரி இருந்துவிட்டு உடம்புச் சூடு பட்டதும் திரும்பி வரும்.

இரண்டு பொருளில் புதியவர்கள் நிச்சயம் ஏமாறுவார்கள். ஒன்று மழை ஜாக்கெட். வெளியே புதுசு மாதிரி இருக்கும், உள்ளே தண்ணீர் புகாமல் இருக்கப் பூசிய பூச்சு வெயிலில் உரிந்த தோல் மாதிரிச் செதில் செதிலாக வரும். உள்பக்கத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள், உரிந்தால் அது இனி மழை ஜாக்கெட் இல்லை, வெறும் ஜாக்கெட். இன்னொன்று மலை ஏறும் பூட்ஸ். அதிகம் போடாமல் பத்து வருடம் பரணில் கிடந்த பூட்ஸ் பார்க்க ஜம்மென்று இருக்கும், ஆனால் அடிப்பாகத்து மெத்தை பாலியூரத்தேன் என்றால் காற்றின் ஈரத்திலேயே மெல்ல மெல்லச் சிதைந்திருக்கும், இரண்டு மைல் நடந்ததும் பிஸ்கட் மாதிரி உதிரும். கட்டை விரலால் அழுத்துங்கள், ரப்பர் மாதிரித் திரும்பி வர வேண்டும்.

அளவு விஷயத்தில் லேபிளை நம்பாதீர்கள், உடம்பை நம்புங்கள். பெண்கள் துணியில் பழைய 14 இன்றைய 12-க்கோ 10-க்கோ பக்கத்தில் இருக்கும், கடைக்காரர்கள் வருடா வருடம் அளவைத் தாராளமாக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஆண்கள் கோட்டில் மார்பளவு அங்குலத்தில் இருக்கும், பக்கத்தில் ஷார்ட், ரெகுலர், லாங் என்று உயரம். ஐந்தடி ஆறங்குலம், அதற்குக் கீழே என்றால் ஷார்ட் தேடுங்கள், இங்கே அந்த அளவுக்குப் போட்டி குறைவு என்பது நம்மவர்களுக்கு வசதி. கையை, இடுப்பை, கால் நீளத்தைத் தையல்காரர் குறைத்துக் கொடுப்பார். தோளை மட்டும் தொட முடியாது, தொட்டால் கோட்டை முழுக்கப் பிரித்துத் தைக்க வேண்டும். தோள் சரியில்லையா, எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். போட்டுப் பார்க்கும் அறை எல்லாக் கடையிலும் இருக்காது, அதனால் மெல்லிய டி-ஷர்ட் போட்டுக்கொண்டு போங்கள், அதன் மேலேயே மாட்டிப் பார்த்துவிடலாம். செருப்பு ஷூ அளவு பெரும்பாலும் நம்மூர் எண்ணும் இந்த ஊர் எண்ணும் ஒன்றுதான்.

ஆண்களுக்கு ஒரு கெட்ட செய்தி. கடையில் முக்கால்வாசி பெண்கள் துணியாகத்தான் இருக்கும். ஆண்கள் குறைவாக வாங்குகிறோம், வாங்கியதையும் கந்தலாகும் வரை போட்டுத் தேய்க்கிறோம், பிறகு கொடுக்க என்ன இருக்கும்?

இப்போது, என் அம்மா கேட்ட கேள்வி. கோட்டைப் போட்டுக்கொண்டு வீடியோ காலில் காட்டினேன், "யாரு போட்டதோ என்னவோ, செத்தவன் துணியா இருந்தா என்னடா பண்ணுவ?" என்றாள். உண்மையைச் சொன்னால், இருக்கலாம். இங்கே ஒருவர் இறந்தால் பிள்ளைகள் வந்து வீட்டைக் காலி செய்வார்கள், அலமாரித் துணி எல்லாம் பைகளில் சாரிட்டி ஷாப்புக்குப் போகும், பல நேரம் அவரைக் கடைசி மாதங்களில் பார்த்துக்கொண்ட அதே ஹாஸ்பிஸின் கடைக்கே போகும். வாழ்நாளில் ஒரே ஒரு கோட்டு வாங்கி முப்பது வருடம் பிரஷ் போட்டு வைத்திருந்த தலைமுறை அது, நல்ல கம்பளி அவர்களிடமிருந்துதான் வருகிறது. நம் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு முதலில் சுற்றுவது பழைய துணிதானே, தூளி கட்டுவது பாட்டி புடவையில்தானே என்று அம்மாவிடம் வாதாடிப் பார்த்தேன். "அது நம்ம பாட்டிடா" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களுக்கு அந்த எண்ணம் உறுத்தினால் கோட்டை விட்டுவிட்டு ஜீன்ஸ், ஸ்வெட்டர், புத்தகம் என்று ஆரம்பியுங்கள், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் இப்படி வெளிநாட்டிலிருந்து வரும் பழைய துணிக்குப் பெயரே "ஒப்ரோனி வாவு", செத்துப்போன வெள்ளைக்காரன் துணி என்று அர்த்தம். இவ்வளவு நல்ல துணியை உயிரோடு இருப்பவன் யாராவது தூக்கிப் போடுவானா என்று அவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

கானா ஏன் வந்தது என்றால், கடைக்கு வருவதெல்லாம் கடையிலேயே விற்றுவிடுவதில்லை. விலைச் சீட்டில் ஓரமாகச் சின்னதாக ஒரு எண்ணோ எழுத்தோ இருப்பதைக் கவனித்தால் தெரியும், எந்த வாரம் மாட்டினார்கள் என்பதன் குறி அது. இரண்டு மூன்று வாரம் யாரும் எடுக்காவிட்டால் வேறு கிளைக்குப் போகும், அல்லது மூட்டை கட்டிக் கிலோ கணக்கில் பழந்துணி வியாபாரிக்குப் போகும். "அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்ட துணி அடுத்த வாரம் இல்லாமல் போவதன் ரகசியம் இதுதான். அந்த மூட்டைகளில் பல கப்பலேறி ஆக்ராவில் இருக்கும் கன்டமன்டோ சந்தை வரை போகின்றன. நம் ஆக்ரா இல்லை, கானாவின் தலைநகர். 2025 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்த சந்தை அதுதான்.

கம்பளிக்குப் பாதை வேறு. லீட்ஸுக்குப் பக்கத்தில் பேட்லி என்று ஒரு பழைய மில் ஊர் இருக்கிறது. 1813-ல் அங்கே பெஞ்சமின் லா என்பவர் கிழிந்த கம்பளியைப் பிய்த்து மறுபடி நூலாக்கும் வழியைக் கண்டுபிடித்தார், அந்தத் துணிக்கு ஷாடி என்று பெயர். மட்டமான எதற்கும் ஷாடி என்று ஆங்கிலத்தில் சொல்வது அங்கிருந்து வந்ததுதான். இன்று அந்த வேலை பெரிய அளவில் நடப்பது ஹரியானாவின் பானிபட்டில். ஐரோப்பாக் கம்பளிக் கந்தல் அங்கே போய் இறங்கி, நிறம் பிரித்து, பிய்த்து, மலிவுக் கம்பளிப் போர்வையாக வெளியே வருகிறது. எதிர்த்திசையிலும் ஓட்டம் உண்டு. ரேக்கில் காட்டன் டி-ஷர்ட்டுகளின் லேபிளைப் புரட்டினால் பங்களாதேஷ், இந்தியா, இலங்கை என்று வரிசையாக வரும். இந்தியா என்று போட்டிருப்பது திருப்பூரில் தைத்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதை மூன்று பவுண்டுக்கு வாங்கிப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போய், பிரிட்டனில் வாங்கியது என்று சொல்லிக்கொள்ளலாம்.

என் எரிச்சல் ஒன்றையும் கொட்டிவிடுகிறேன். இப்போது ரேக்கில் பாதி, புதிதாகவே ஐந்தாறு பவுண்டுக்கு விற்ற மலிவு பாலியெஸ்டர். அதை நாலு பவுண்டுக்கு மாட்டிவைக்கிறார்கள். ஒருமுறை துவைத்ததும் உருண்டை உருண்டையாக நூல் சுருளும் துணிக்கு அந்த விலை எதற்கு? மலிவாயிற்றே என்று நாமும் மூன்று எடுத்து வந்துவிடுகிறோம், அதில் இரண்டு வெளியே போடாமலே கிடக்கும். சாரிட்டி ஷாப்பில் பணம் வீணாவது பெரும்பாலும் இப்படித்தான், கோட்டில் இல்லை.

வீணாக வாங்கியதை என்ன செய்வது? திரும்பக் கொடுங்கள். துவைத்து, மடித்து, கடை திறந்திருக்கும் நேரத்தில் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். இரவில் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தால் விடிவதற்குள் மழை நனைத்துவிடும், நனைந்ததை அவர்கள் காசு கொடுத்துக் குப்பைக்கு அனுப்ப வேண்டும். கொடுக்கும்போது "கிஃப்ட் எய்ட்" போடட்டுமா என்று கேட்பார்கள். பயப்பட வேண்டாம். நீங்கள் இங்கே வருமான வரி கட்டுபவராக இருந்தால் பெயர் முகவரி எழுதிக்கொண்டு உங்கள் பை மேல் ஒரு பார்கோடு ஒட்டுவார்கள், உங்கள் பொருள் விற்ற ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து இன்னும் 25 பென்ஸ் வாங்கிக்கொள்வார்கள். வரி கட்டாத மாணவர் என்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான். போட்டால், உங்கள் துணி எவ்வளவுக்கு விற்றது என்று பிறகு கடிதமோ மெயிலோ வரும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த பஞ்சு ஜாக்கெட்டை நான் அப்படித்தான் கொடுத்தேன். பத்து நாள் கழித்து அந்த வழியாகப் போனபோது கடைக் கண்ணாடிக்குள் பொம்மைக்கு அதை மாட்டி, கழுத்தில் சிவப்பு மப்ளர் சுற்றி நிறுத்தியிருந்தார்கள். விலை எட்டு பவுண்டு. நான் ஊரில் அதை 700 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன். உள்ளே போய், இது அக்டோபரைத் தாண்டாது என்று சொல்லலாமா என்று ஒரு நிமிடம் நின்று யோசித்தேன். அதற்குள் ஒரு பெண் அதைக் கழற்றச் சொல்லிக் கைநீட்டிக்கொண்டிருந்தார்.